ஏழாம் கிணற்றின் நான்காவது ரீடிங்

எங்கள் எண்ணெய் வயலில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. 'மூணு ரீடிங்' என்றால்தான் திரும்பிப் பார்ப்பார். ஏழாம் கிணற்றின் கேஜ் ஆபரேட்டர். கிணற்றை மூடி வைத்து உள்ளே அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று சோதிக்கும்போது, மணிக்கு ஒரு தடவை அழுத்தம் காட்டும் கேஜின் முள்ளைப் பார்த்துத் தாளில் எழுதுவது அவர் வேலை. அடுத்தடுத்து மூன்று மணிக்கும் ஒரே எண் வந்தால் சோதனை முடிந்தது, வால்வைத் திறக்கலாம். இது எங்கள் வயலின் வழக்கம். எந்த விதிப்புத்தகத்திலும் கிடையாது. ஆனால் அவர் அதை வேதவாக்காக வைத்திருந்தார்.

வயது நாற்பத்தாறு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கம்பெனி கொடுத்த குவார்ட்டர்ஸில் கண் தெரியாத அண்ணனோடு இருந்தார். அண்ணன் அந்தத் தெருவைக் காலாலேயே மனப்பாடம் செய்தவர். குழாயடிக்கு, டீக்கடைக்கு, சலூனுக்கு என்று குச்சி இல்லாமல் தனியாகப் போய்வருவார்.

"முடி வெட்டிக்கிட்டேன். எப்படிடா இருக்கு?"

"ஒரு பக்கம் கோணல்ண்ணே."

"அப்ப அந்தப் பக்கம் நீ உக்காராத."

நான் போகும்போதெல்லாம் அந்த வீட்டில் இப்படி ஏதாவது ஒன்று நடந்துகொண்டிருக்கும்.

ஏழாம் கிணற்றில் வரத்து குறைந்தது. மூடி அளக்கச் சொன்னார்கள். கிணறு தேறாது என்று முடிவானால் அதன் ஆட்களை வேறு வயலுக்கு அனுப்பிவிடுவார்கள். அது ஒரு பகல் ரயில் பயணம். அங்கே தகரக் கொட்டகையில் வரிசைக் கட்டில், குடும்பத்துக்கு இடமில்லை. குவார்ட்டர்ஸையும் காலி செய்யவேண்டும். அண்ணனுக்கு மிச்சம் இருப்பது வேறு ஊரில், நாலாவது மாடியில் இருக்கும் தங்கை வீடு. இது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கிணற்றை மூடியதிலிருந்து எண்ணிப் பதினேழு, பதினெட்டு, பத்தொன்பதாம் மணிகளில் முள் 1840 பவுண்டில் அசையாமல் நின்றது. மூன்று ரீடிங் ஆயிற்று. வால்வைத் திறந்தார்கள். தாள் என்ஜினியரான என் மேசைக்கு வந்தது.

எங்கள் வீட்டில் முதல் பட்டம் என்னுடையது. எட்டாவதோடு நின்ற அப்பாவுக்கு என் வேலையை விளக்க எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் ஆனது. கிராப்பில் கோடு சுத்தமாக வந்தால் எனக்குக் கொஞ்சம் கர்வம் வரும். அன்று வந்தது. ஏறிய கோடு வளைந்து படுத்துவிட்டது. இரண்டு வருடம் முன்பு 2300 பவுண்டு இருந்த கிணறு 1840-க்கு மேல் ஏறவில்லை என்றால், கீழே இருந்தது சின்னப் பை, அதுவும் காலி. அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சிமெண்ட் ஊற்றி நிரந்தரமாக மூட உத்தரவானது.

அதற்கு மறுநாள் அவர் என் அறை வாசலில் வந்து நின்றார்.

"சார், அந்தத் தாள்ல கடைசியா ஒரு வரி எழுதி, கோடு போட்டு அடிச்சிருந்தேனே..."

"ஆமா."

"வால்வு திறக்கிற ஆளு வர லேட்டாச்சு. சும்மா இருக்காம இருபதாவது மணிக்கும் பார்த்தேன். நாலு பவுண்டு ஏறியிருந்துச்சு. வெயில்ல கேஜ் சூடாயிருக்கும்னு அடிச்சுட்டேன். போன வருஷம் தாறுமாறா ஒரு ரீடிங் எழுதினதுக்கு மெமோ வாங்கினவன் சார் நான். அது எதுக்காவது ஆகுமா?"

கிடங்குக்குப் போய் ஏழாம் கிணறு தோண்டும்போது அடியிலிருந்து எடுத்துவைத்த பாறைத் துண்டுகள் இருந்த பெட்டியைத் திறந்து பார்த்தேன். ஒரு துண்டு முழுக்க எண்ணெய்க் கறை படிந்த விரிசல்கள். ஒரு சாண் தள்ளி இருந்த துண்டு அம்மிக்கல் மாதிரி இறுக்கம். பாறை ஒரே சீராக இருந்தால்தான் மூன்று ரீடிங் வழக்கம் செல்லும். இப்படிப்பட்ட பாறையில் முதலில் விரிசல்கள் சட்டென நிரம்பும். அழுத்தம் ஏறி நிற்கும். அதன்பிறகுதான் இறுகிய பாறை தன்னிடம் இருப்பதை மெல்லக் கசியவிடும். அழுத்தம் மறுபடி ஏறும். பிழிந்து போட்ட துணியைச் சற்றுப் பொறுத்துப் பிழிந்தால் திரும்பச் சொட்டுமே, அப்படி. நடுவில் முள் நிற்பதைப் பார்த்தால் முடிந்துவிட்டது போலவே இருக்கும். இதைப் பரீட்சையில் எழுதிப் பதினாறு மார்க் வாங்கியவன் நான்.

மேனேஜரிடம் ஓடினேன். மூன்று நாள் மூடி மறுபடி அளக்கலாம் என்றேன்.

"அடிச்ச வரி ஒண்ணை வச்சுக்கிட்டு சிமெண்ட் வண்டியை நிறுத்தச் சொல்றியா? ரிப்போர்ட்ல கையெழுத்து யாருது?"

"என்னுதுதான் சார்."

"அப்புறம் என்ன? படிச்சவன்தானே நீ?"

வியாழக்கிழமை சிமெண்ட் இறங்கியது. அந்த நாலு பவுண்டு பாறை ஏற்றியதா வெயில் ஏற்றியதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள இருந்த ஒரே வழி அடைபட்டுவிட்டது.

அவர்கள் வீடு காலி செய்த காலையில் போனேன். அவர் வண்டி பார்க்கப் போயிருந்தார். அண்ணன் வெறும் அறையில், சுருட்டிய பாய்மேல் உட்கார்ந்திருந்தார்.

"வாங்க தம்பி. அங்க மாடியில எத்தனை படின்னு தங்கச்சியைக் கேட்டேன். எண்ணினதில்லையாம். பத்து வருஷமா ஏறி இறங்குறா." சிரித்தார். பிறகு, "அவன் சரியாச் சாப்பிடறதில்ல. எல்லாம் என்னாலதான், என்னாலதான்னு அதையே சொல்லிக்கிட்டிருக்கான்," என்றார்.

"அண்ணே, அந்த அடிச்ச வரியை நானும் பார்த்தேன். தாள் வந்த அன்னிக்கே. ஏன்னு கேக்கலை."

அவர் முகம் என் பக்கம் திரும்பியது.

"அதை என்கிட்டச் சொல்லி என்ன பிரயோசனம்? அவன்கிட்டச் சொல்லுங்க."

வண்டி வந்து நின்றது. மூணு ரீடிங் உள்ளே வந்தார். சொன்னேன். அவர் சட்டைக் கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"அன்னிக்கேவா?"

"அன்னிக்கே."

சுவரோரம் கிடந்த கட்டிலைக் காட்டி, "அந்தப் பக்கம் ஒரு கை பிடி," என்றார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர் என்னை 'சார்' போடாமல் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. வாசல் குறுகல். கட்டிலை ஒருக்களித்துத்தான் வெளியே கொண்டுவர முடிந்தது.