சத்தம் போடாத டிரம்ஸ்

1991-இல் எங்கள் வீட்டில் நான்கு பேரும் ஒரு டிரம்ஸ் செட்டும் இருந்தோம். ஒரகடத்துக்குப் பக்கத்தில், ஒரு கூடமும் ஓர் உள்ளறையும் கொண்ட ஓட்டு வீடு. கூடத்தில் பாதி டிரம்ஸுக்கு. மீதியில் நான், அப்பா, அம்மா, அப்பாவின் தம்பியான சித்தப்பா.

சித்தப்பா ஒரு பாட்டுக் கச்சேரி குழுவில் டிரம்ஸ் வாசித்தார். அப்பா ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இரும்புத் தகடு வெட்டும் பிரஸ் மெஷின் ஓட்டினார். ஒரு வாரம் பகல் ஷிப்ட், மறு வாரம் நைட் ஷிப்ட். நைட் ஷிப்ட் வாரத்தில் பகலெல்லாம் அப்பா தூங்க வேண்டும். சித்தப்பா பழகவும் பகல்தான் உண்டு.

அப்பா ஒருநாளும் குறை சொன்னதில்லை. "வாசிச்சிட்டுப் போறான், விடு. நான் தூங்கிட்டா இடி இடிச்சாலும் தெரியாது" என்பார். ஆனால் அப்பா வேலை செய்த அதே லைனில் ஒருவருக்கு விரல் போன செய்தி வந்த அன்று அம்மா அடுப்படியிலிருந்து எழுந்து வந்துவிட்டார்.

"தம்பி, உங்கண்ணன் கை அந்த மெஷினுக்குள்ள போய்ப் போய் வருது. தூங்காத ஆளு அங்க நிக்கலாமா, நீங்களே சொல்லுங்க."

சித்தப்பா குச்சிகளைக் கீழே வைத்துவிட்டார்.

மறுநாள் டிரம்ஸை மாட்டு வண்டியில் ஏற்றி ஏரிக்கரைக்குக் கொண்டுபோய் வாசித்தார். கால்மணி நேரம்கூட ஆகவில்லை. சைக்கிளில் போன ஒரு பெரியவர் இறங்கி, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "யார் வூட்லப்பா சாவு? எப்ப எடுக்கறாங்க?" என்று கேட்டார். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். சித்தப்பா வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார். பழகாமலிருந்தால் குழுவில் இடமில்லை. வேறு ஆள் தயாராக இருக்கிறான் என்று குழுத் தலைவர் சொல்லி அனுப்பியிருந்தார்.

சத்தத்தைக் கூட்டிக் குறைத்துக் கரண்ட்டில் வாசிக்கிற டிரம்ஸ் வந்திருக்கிறது என்று யாரோ சொல்ல, சித்தப்பா தன் டிரம்ஸை ஒரு பேண்ட் செட்காரரிடம் விற்றார். அந்தப் பணத்துக்குள் புதியது வாங்க வேண்டும். "ஆசைப்பட்டு எதையாவது தூக்கினு வந்துடுவாரு" என்று அம்மா என்னையும் கூட அனுப்பினார். வகுப்பில் "உள்ளேன் ஐயா" சொல்லவே குரல் வராத என்னைக் காவலுக்கு அனுப்பினார் என்றால், அம்மாவுக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை என்றுதான் பொருள்.

சிங்கப்பெருமாள் கோவிலில் ரயில் ஏறிப் பட்டணம் போனோம். கடைக்காரர் மூன்று எடுத்து வைத்தார். முதலாவதின் விலையைக் கேட்டதும் சித்தப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். இரண்டாவது சின்னது, ஸ்பீக்கர் அதற்குள்ளேயே இருந்தது. "ஒரு வயரும் வேணாம், அப்படியே வாசிக்கலாம். நாலு பேருக்குக் கேக்கும்" என்றார் கடைக்காரர். மூன்றாவது, சிங்கப்பூரிலிருந்து யாரோ கொண்டுவந்து விற்ற பழையது. குச்சியால் அடிக்க ஆறு ரப்பர்த் தட்டு, காலால் மிதித்து அடிக்க ஒரு கால் மிதி. தட்டுகளில் ஒன்று பேசாது. ஸ்பீக்கரும் கிடையாது, மேடையில் ஸ்பீக்கர் பெட்டியோடு இணைக்க ஓர் ஓட்டை, காதில் மாட்டும் ஹெட்போனுக்கு ஓர் ஓட்டை.

சித்தப்பாவின் கை இரண்டாவதின் மேலேயே இருந்தது. சும்மா பார்க்கலாம் என்று மூன்றாவதின் ஹெட்போனை என் தலையில் மாட்டிவிட்டுத் தட்டினார். ஒரு கச்சேரியே என் மண்டைக்குள் இறங்கியது. அந்தச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"சித்தப்பா, இது வெளிய கேக்குதா? அப்பா தூங்குவாரா?"

கத்தியிருக்கிறேன். கடையே திரும்பிப் பார்த்தது. கித்தார் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் சிரித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அப்பாவுக்கு இன்னாம்மா?" என்று கடைக்காரர் கேட்டார்.

"நைட் ஷிப்ட்" என்றார் சித்தப்பா. "எங்க அண்ணன்."

கடைக்காரர் ஸ்பீக்கர் வைத்ததை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். "இதான் உனக்கு. ஹெட்போனுக்குக் காசு வேணாம். பாப்பா கேட்டுச்சே, அதுக்கு" என்றார். பேர் தெரியாத அந்த மனிதரை இன்றைக்கும் நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.

அடுத்த வாரம் நைட் ஷிப்ட். உள்ளறையில் அப்பா பாயில் படுத்திருந்தார். கூடத்தில் சித்தப்பா முக்காலி மேல் அதையும் தரையில் கால் மிதியையும் வைத்து, ஹெட்போனை மாட்டி, கண்ணை மூடி விளாசினார். 'சப் சப்' என்பதைத் தவிரக் காதில் ஒன்றும் விழவில்லை. அம்மா என் கன்னத்தைக் கிள்ளினார். வேலைக்குக் கிளம்பும்போது அப்பாவிடம், "தூங்கினீங்களாப்பா?" என்று கேட்டேன்.

"அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கினேன். நல்ல சாமானா பாத்து எடுத்துகினு வந்த" என்றார்.

மூன்றாம் நாள் காலையில் நைட் ஷிப்ட் முடிந்து வந்த அப்பாவின் தோளில் இரண்டு பழைய ஸ்கூட்டர் டயர்கள், கையில் ஒரு பலகை. டயர்களைக் கூடத்தில் கிடத்தி, பலகையை மேலே போட்டு, முக்காலியையும் கால் மிதியையும் அதன்மேல் ஏற்றினார்.

"எதுக்குண்ணா இது?"

"தரை ஜில்லுனு கீதுடா. கால் பிடிச்சுக்கும்."

கல்யாணமாகி நான் மாடி வீடுகள் உள்ள கட்டடத்துக்குக் குடிபோன பிறகு, ஒரு மத்தியானம் தரையில் தலையணை போட்டுப் படுத்தேன். மேல் வீட்டில் யாரோ எதையோ இடித்தார்கள். எழுந்து உட்கார்ந்தால் ஒன்றும் இல்லை. படுத்தால் ஒவ்வோர் இடியும் தரை வழியே நேராகக் காதுக்குள் வந்தது. எழுந்தும் படுத்தும் மூன்று நான்கு முறை பார்த்தேன். உள்ளறைப் பாயும் அந்த டயர்களும் ஞாபகத்துக்கு வந்தன.

சித்தப்பா அந்தக் குழுவில் பல வருஷம் வாசித்தார். அப்பா பத்து விரலோடு ரிடையர் ஆனார். அடித்துப் போட்ட மாதிரி தூங்கியவர் எதற்காக டயர் சுமந்து வந்தார் என்று அந்தச் சின்ன வயதில் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. தம்பியின் காலில் குளிர் ஏறக்கூடாது என்று எங்கள் அப்பா என்னவெல்லாம் செய்கிறார் பார் என்று, பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பெண்ணிடம் மட்டும் மெதுவாகச் சொன்னேன்.