கால் சுற்று

இங்கே ஜெர்மனியில் குண்டு கீழே விழுந்தால் யாரும் பதறுவதில்லை. விழுந்தது என்று எழுதிக்கொள்கிறார்கள். நான் வேலை பார்க்கும் கல்லூரி ஆய்வகத்தில், நெல்லிக்காய் அளவு இரும்புக் குண்டை ஒரு மின்காந்தம் தொடாமல் அந்தரத்தில் நிறுத்த வேண்டும். குண்டு இறங்கினால் கரண்டைக் கூட்டி, ஏறினால் குறைத்து, நொடிக்குப் பல ஆயிரம் தடவை திருத்திக்கொண்டே இருக்கும் சர்க்யூட்டை மாணவரே கட்ட வேண்டும். காந்த ரயிலுக்கு இதுதான் அரிச்சுவடி.

கோவையில், சத்தி ரோட்டுக் கல்லூரி ஒன்றில் ஆசிரியனாக இதே குண்டோடு எட்டு வருஷம் மல்லுக்கட்டியவன் நான். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் டீ குடித்து முடிப்பதற்குள், எங்கள் லேப் அசிஸ்டெண்ட் செல்வமணி அண்ணன் மேசை மேசையாகப் போய், குண்டு ஆடுகிற இடத்திலெல்லாம் சர்க்யூட்டைச் சரிசெய்யும் குமிழைக் கால் சுற்று திருப்பிவிடுவார். ரெக்கார்டு நோட்டில் ரீடிங் எல்லாம் முன்பே அழகாக ஏறியிருக்கும். ஒருமுறை தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"ஏனுங்க சார், கொழந்தைக பெயிலாப் போனா நமக்கென்னுங்க வருது?" என்றார்.

அடுத்த வருஷம் நானும் திருப்பினேன்.

போன மாதம் லேனா என்கிற மாணவிக்குத் தேர்வு. மூன்றாவது முறை. இதிலும் தவறினால் படிப்பே போச்சு. இங்கே விதி அப்படி. அவள் குண்டு நடுங்கி நடுங்கி விழுந்துகொண்டிருந்தது. பேராசிரியர் வர ஐந்து நிமிடம் இருக்கையில் தண்ணீர் குடிக்கப் போனாள். என் கை என்னைக் கேட்கவில்லை. கால் சுற்று. குண்டு அசையாமல் நின்றது.

திரும்பி வந்தவள் குண்டைப் பார்க்கவில்லை, குமிழைப் பார்த்தாள். அதில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தாள். நீங்கள் தொட்டீர்களா என்று கேட்டாள். உதவிதான் என்றேன். நன்றி சொல்வாள் என்றுகூட எதிர்பார்த்தேன், சொல்ல வெட்கமாக இருக்கிறது.

"என்னால் முடியாது என்று முடிவே செய்துவிட்டீர்களா?"

குரல் உயரவில்லை. குமிழைப் பழைய கோட்டுக்கே திருப்பினாள். குண்டு விழுந்தது. பேராசிரியர் வந்ததும் விழுகிறது என்று சொல்லிவிட்டு, மின்காந்தச் சுருளில் கரண்ட் ஏறத் தாமதமாவதையும் அதற்குள் குண்டு நழுவிவிடுவதையும் படம் போட்டு விளக்கினாள். என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. விழுந்த குண்டோடே தேறிவிட்டாள்.

செல்வமணி அண்ணனிடம் போனில் இதைச் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

"அந்தப் புள்ள பெயிலாயிருந்தா, உங்குளுக்குச் சோறு எறங்கியிருக்குமுங்களா?"

இறங்கியிருக்காது. லேனா செய்ததும் சரிதான்.

நேற்று இன்னொரு மாணவனுக்குத் தேர்வு. இரண்டு கைகளையும் லேப் கோட் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றேன். அவன் குண்டு ஆடத் தொடங்கியதும், பைக்குள்ளேயே என் வலது கை கால் சுற்று திரும்பியது.