சேர்ந்த நாளும் நீங்கிய நாளும்

தியாகதுருகம் பக்கத்தில் நான் தலைமையாசிரியையாக இருக்கும் பள்ளி வெள்ளைக்காரன் காலத்தில் தொடங்கியது. ஊர்ப் பெரியவர் ஒருவர் கொடுத்த களத்தில் கூரை போட்டு, ஒரே வாத்தியாரோடு ஆரம்பித்தார்களாம். போன வருஷம் நூற்றாண்டு விழா. முதல் வருஷ மாணவர்களின் வாரிசுகளை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்துவது என்று முடிவாயிற்று. அன்றிலிருந்து என் உயிரை எடுத்துவிட்டார்கள். ஊரில் பாதிப்பேர் வாரிசு.

அப்படி வந்தவர்களில் ஒருவர் காலனியைச் சேர்ந்த கட்டட வேலைக்காரர். எங்களிடம் ஐந்தாம் வகுப்பு படிக்கும் மகளையும் கூட்டிவந்திருந்தார்.

"டீச்சர், எங்க பூட்டன் இந்த இஸ்கூல்ல மொத செட்டுல படிச்சவரு. எங்க வூட்ல அத சொல்லிக்கினேதான் எங்கள வளத்தாங்க."

காலனிப் பிள்ளைகளை அந்தக் காலத்தில் யார் சேர்த்தார்கள் என்ற அலுப்போடுதான் பழைய சேர்க்கைப் பதிவேட்டைப் புரட்டினேன். முதல் பக்கத்தின் அடியிலேயே பெயர் இருந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பிறகுதான் பக்கத்துக் கட்டங்களைப் பார்த்தேன். சேர்ந்த தேதியும் நீங்கிய தேதியும் ஒன்று. காரணம் எழுத வேண்டிய இடம் காலி. மற்ற பையன்களுக்கெல்லாம் 'அறுவடை', 'வெளியூர்' என்று எழுதிய வாத்தியாருக்கு இதை எழுத மட்டும் கை வரவில்லை. என்ன நடந்திருக்கும் என்று எனக்கா தெரியாது? எப்போதோ செத்துப்போன அந்த வாத்தியார்மேல் கோபம் கோபமாக வந்தது.

'இருக்கிறது' என்று சொல்லி மூடிவிடலாம். இத்தனை தலைமுறைப் பெருமையை உடைக்க நான் யார்? ஆனால் மகள் எட்டிப் பார்த்துவிட்டாள். அவளுக்கு எழுத்துக்கூட்டக் கற்றுக்கொடுத்தவளே நான்தான்.

"அப்பா, இவரு சேந்த அன்னிக்கே நின்னுட்டாரு."

அவர் பதிவேட்டின் பக்கம் குனிந்தார். பெயரின்மேல் விரலை வைத்துப் பார்த்தார்.

"ஒரு நாளாவது உள்ள வந்து குந்தியிருக்காரு இல்ல டீச்சர்?"

"வந்திருக்காருங்க."

"அது போதும்."

விழாவில் அவரைத்தான் முதலில் மேடைக்கு அழைத்தேன். சிலர் முகம் சுளித்தார்கள். சுளித்துக்கொள்ளட்டும்.

மறுநாள் காலை விழா அலுப்போடுதான் கிளம்பினேன். எப்படியும் பாதிப் பிள்ளைகள் வரமாட்டார்கள் என்று நினைப்பு. கேட் இன்னும் பூட்டியிருந்தது. அந்தப் பெண் பையோடு வாசலில் நின்றிருந்தாள்.

"எப்ப வந்த? ஏன் இவ்வளவு சீக்கிரம்?"

"அப்பாதான் அனுப்புனாரு டீச்சர். நம்ம வூட்டுக்கு மறுநாளுதான் முக்கியம்னாரு."