பத்தடி தள்ளித்தான் போனேன்

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் மகனுடைய டியூஷன் டீச்சர் போன் செய்தாள். நான் வேலையில் இருந்தேன். தாராவியில் ஒரு தையல் யூனிட்டில், தைத்து முடித்த சட்டைகளில் தொங்கும் நூலை வெட்டிவிடுகிற வேலை எனக்கு. தாகா கட்டிங் என்று சொல்வோம். "அக்கா, போன்ல வேண்டாம், நேர்ல வாங்க" என்றாள். மகனுக்கு அப்போது பதினைந்து வயது, பத்தாம் வகுப்பு. மார்க் விஷயமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

தாராவியிலேயே லேபர் கேம்ப் என்கிற இடத்தில் ஒரு மாடி அறையில்தான் அவள் டியூஷன் எடுக்கிறாள். செம்பூரில் காலேஜ் முடித்த சின்னப் பெண். பிள்ளைகள் இன்னும் வந்திருக்கவில்லை. என்னை உட்காரச் சொன்னாள், ஆனால் அவள் உட்காரவில்லை.

"நம்ம பேட்ச்ல ஒரு பொண்ணு ஒரு வாரமா வரல அக்கா. அவங்கம்மா நேத்து வந்தாங்க. உங்க பையன் ரெண்டு ஃப்ரெண்டோட தினமும் அவ வீடு வரைக்கும் பின்னாலயே போறானாம். அவ பயந்துட்டா. இனிமே டியூஷனே வேண்டாம்னு சொல்றா."

எனக்கு முதலில் வந்தது கோபம், அதுவும் அந்தப் பெண்ணின் அம்மா மேல். என் பிள்ளை அப்படிப்பட்டவன் இல்லை என்பது வாய்வரை வந்துவிட்டது. டீச்சர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கேக்கிறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினேன்.

வீட்டில் அவன் பள்ளிக்கூடச் சட்டையைக்கூடக் கழற்றாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கேட்டதும் மறைக்கவில்லை.

"ஆமா யம்மா, போனேன். தப்பா என்ன செஞ்சேன்? ஒரு வார்த்த பேசல. கமெண்ட் அடிக்கல. பத்தடி தள்ளித்தான் போனேன். அந்தச் சந்துல அவ தனியா போறா, ஏதாச்சும் ஆயிட்டா? பாத்துக்கத்தான் போனேன்."

"அவ ஒன்னயப் பாத்துக்கச் சொன்னாளா?"

"சொல்லல. ஆனா ஒரு நா திரும்பிப் பாத்தா. சிரிச்ச மாரி இருந்துச்சு." பிறகு தட்டிலிருந்து தலையைத் தூக்கினான். "அப்பா ஒன் பின்னால எட்டு மாசம் வரலியா? நீ மட்டும் ஒடனே சரின்னா சொன்ன?"

அடுப்பில் ஒன்றுமே இல்லாதபோது அடுப்பைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

எங்கள் சொந்தத்தில் எல்லாருக்கும் தெரிந்த கதை அது. பத்தொன்பது வயதில் நான் ஒரு தோல் பை பட்டறையில் வேலை பார்த்தேன். வேலை விட்டு வீட்டுக்குப் போகும் வழியில் என் வீட்டுக்காரர் எட்டு மாதம் பின்னால் வந்தார். விசேஷ வீடுகளில் நாலு பேர் கூடினால் அவரே எடுத்துவிடுவார். "ரெண்டு சோடி செருப்பு தேஞ்ச பொறவுதான் இவ திரும்பிப் பாத்தா." எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். என் மகன் அந்தச் சிரிப்பைக் கேட்டே வளர்ந்தவன்.

நான் சொல்லாதது ஒன்று உண்டு. அந்த எட்டு மாதத்தில் மூன்று தடவை வழியை மாற்றினேன். மூன்று தடவையும் இரண்டே நாளில் கண்டுபிடித்துவிட்டார். பட்டறையிலிருந்து ஒரு சின்னக் கத்தரியை எடுத்துக் கைக்குள் மூடிக்கொண்டு நடந்திருக்கிறேன். வீட்டில் சொன்னால் வேலையை நிறுத்திவிடுவார்கள், அதனால் சொல்லவில்லை. கடைசியில் தெருவில் பேச்சு கிளம்பி அப்பா காதுக்குப் போயிற்று. பேர் கெட்டுப்போனவளை இனி யார் கட்டுவார் என்று பின்னால் வந்தவருக்கே கட்டிவைத்தார்கள். அவர் சொல்கிறாரே, நான் திரும்பிப் பார்த்தேன் என்று, அது எவ்வளவு கிட்டத்தில் வருகிறார் என்று தெரிந்துகொள்ள.

அவர் கெட்டவராக இருந்திருந்தால் இதைச் சொல்வது எளிது. அவர் நல்ல மனிதர். டெம்போ ஓட்டுகிறார். குடிக்கமாட்டார். எனக்கு டைபாய்டு வந்தபோது இருபது நாள் கஞ்சி வைத்துக் கொடுத்தவர். பிரியம் எனக்குக் கல்யாணத்துக்குப் பிறகு வந்தது, ஆனால் உண்மையாகவே வந்தது. வந்த பிறகு பழைய பயத்தைப் பேசுவது அவருக்குத் துரோகம் செய்வது போல இருந்தது. அதனால் நானும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டேன்.

சனிக்கிழமை வேலை ஓடவில்லை. நூலோடு சேர்த்து ஒரு சட்டையின் துணியையும் வெட்டிவிட்டு முதலாளி சேட்டிடம் பேச்சு வாங்கினேன். சாயங்காலம் டியூஷன் விடுகிற நேரத்துக்கு அந்தப் பெண் போகிற சந்துக்குள் நானே நடந்தேன். இரண்டு ஆள் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய சந்து. ஒதுங்கவும் வாசற்படிகள்தான், அதிலும் யாராவது உட்கார்ந்திருப்பார்கள். பாதி வழியில் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. நாற்பது வயதுக்காரி நான், பகல் வெளிச்சம் முழுதாகப் போகவில்லை, ஆனாலும் முதுகு கூசியது. சுவரோடு ஒட்டி நின்றேன். கேஸ் சிலிண்டர் சுமந்து வந்த ஆள் "சைட், சைட்" என்று சொல்லிக் கடந்து போனார். அவன் சொன்ன பத்தடி என்பது இவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். நான் எழுந்துகொண்டே இருந்தேன். தண்ணீர் எடுக்க, உப்பு எடுக்க, கதவைச் சாத்த, மறுபடியும் திறக்க.

"ஏட்டி, ஒரு எடத்துல இருக்க மாட்டியா?" என்றார் வீட்டுக்காரர்.

நின்றபடியே சொன்னேன். மகன் செய்ததை முதலில், பிறகு என்னுடையதை. வழி மாற்றியது, கத்தரி, திரும்பிப் பார்த்தது எதற்கு என்பது எல்லாம். கோர்வையாகச் சொல்லவில்லை.

அவர் கை சோற்றிலேயே நின்றது. "நான் ஒன்ன ஏதாச்சும் செஞ்சனா?"

"இல்ல."

"ஒரு நாளாச்சும் கிட்ட வந்தனா?"

"வரல. ஆனா வர மாட்டியன்னு எனக்கு அப்போ எப்படித் தெரியும்? ஒங்க பேருகூடத் தெரியாது."

அவர் எழுந்து கை கழுவினார். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். மகன் தட்டைத் தள்ளிவைத்தான்.

"அப்போ பிடிக்காமத்தான் அப்பாவக் கட்டுனியா?"

"பிடிக்குமா பிடிக்காதான்னு என்கிட்ட யாரும் கேக்கலல. ஒங்கப்பாவும் கேக்கல. பொறவு பிடிச்சுது. பொறவு பிடிச்சதுனால முன்னால பயந்தது பொய்யாயிருமா?"

"அவ என்னயப் பாத்துச் சிரிச்சா யம்மா."

"சிரிச்சாளா, சிரிச்ச மாரி இருந்துச்சா?"

அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். நான்கு நாள் என்னோடு பேசவில்லை. வீட்டுக்காரரும் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். பத்துக்குப் பன்னிரண்டு அறையில் மூன்று பேர் ஒருவர்மேல் ஒருவர் படாமல் நடமாடிக்கொண்டிருந்தோம். சொல்லியிருக்கவே வேண்டாமோ என்று அந்த நாட்களில் பல தடவை நினைத்தேன்.

ஐந்தாம் நாள் மகன் ஒரு தாளை நீட்டினான். அவனுக்குத் தமிழ் எழுத வராது. இந்தியில் எழுதிய மன்னிப்புக் கடிதம். "டீச்சர்கிட்ட குடு. அவகிட்ட குடுக்கச் சொல்லு."

நான் கொடுத்த கடிதத்தை வாங்கிக்கொள்கிறாளா என்று டீச்சர் அந்தப் பெண்ணிடம் போய்க் கேட்டாள். மறுநாள் கடிதம் பிரிக்காமலே திரும்பி வந்தது. "லெட்டர் வேண்டாமாம் அக்கா. அவ போற நேரத்துல அவன் அந்தச் சந்துல இல்லாம இருந்தாப் போதும்னு சொன்னா."

இதை அவனிடம் சொன்னபோதுதான் அவன் அழுதான். "நான் மாஃபிதான கேட்டேன்? அதுகூட வேண்டாமா?"

"வேண்டாம்னா வேண்டாம்தான்" என்றேன். அவனைத் தொடலாமா என்று தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் மன்னித்திருந்தால் எனக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். ஆனால் என் நிம்மதிக்கு அவள் பொறுப்பில்லை.

டீச்சரிடம் அவனே பேசிக் காலை பேட்ச்சுக்கு மாறிக்கொண்டான். விடியுமுன் எழுந்து, பொதுக் குழாயில் வரிசை நின்று குளித்து, ஆறரைக்கு அங்கே இருக்க வேண்டும். நான் எழுப்பவில்லை. சில நாள் தூங்கிவிட்டான், பெரும்பாலும் போனான். அந்தப் பெண் சாயங்கால பேட்ச்சுக்குத் திரும்ப வந்துவிட்டாள் என்று டீச்சர் சொன்னாள்.

வீட்டுக்காரர் அதைப் பற்றிப் பேச ஒரு மாதம் ஆயிற்று. மான்குர்த்தில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போய்விட்டு டெம்போவில் திரும்பிக்கொண்டிருந்தோம். சிக்னலில் நின்றபோது, ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார். "எந்த எடத்துல ரொம்பப் பயந்த?"

"மாவு மில்லு பக்கம். அங்க லைட்டு கெடையாது."

"ம்" என்றார். சிக்னல் விழுந்தது. வண்டியை எடுத்தார்.

போன வாரம் சாயங்காலம் நான் வேலை முடிந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தேன். மகனுடன் முன்பு சேர்ந்து போன இரண்டு பையன்களில் ஒருவன் எங்கள் மாடி அறைக்கு ஏறும் ஏணிக்குக் கீழே நின்று கூப்பிட்டான். இப்போது அவன் வேறொரு பெண்ணின் பின்னால் போகிறான். "வால, அவ கிளாஸ் விடுத டைம் ஆயிட்டு."

மகன் மேலே நின்றபடி, "நான் வரல. நீயும் போவாத" என்றான்.

"ஏன், பயமா? அவ ஒண்ணும் சொல்ல மாட்டா. பிடிச்சிருக்குல அவளுக்கு."

"அவ சொன்னாளா?"

கீழே நின்றவன் சிரித்தான். இந்தியில் பயந்தாங்கொள்ளி என்று ஏதோ சொல்லிவிட்டு நடந்தான். மகன் உள்ளே வந்து தண்ணீர் குடித்தான். பாதித் தண்ணீர் சட்டையில் சிந்தியது. பிறகு செருப்பை மாட்டினான்.

"எங்கல?"

"அவன்கிட்ட பேசிட்டு வாரேன்."

ஏணியில் தடதடவென்று இறங்கினான். வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தேன். அதற்குள் திருப்பம் தாண்டிவிட்டான். அவர்களுக்குள் அடிதடி ஆகுமோ, இவன் சொன்னால் அவன் கேட்பானோ மாட்டானோ, இவனே அவனோடு சேர்ந்து போய்விடுவானோ என்று ஒன்றும் தெரியவில்லை. உள்ளே போய் உட்கார்ந்தேன். உட்கார முடியவில்லை.