உப்பு ஜாடியும் ஒரு நிமிஷமும்

சஃப்ரின் டீச்சரைப் பற்றி எழுதச் சொல்லி யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானாகத்தான் எழுதுகிறேன். அவர் இல்லையென்றால் நான் இன்றைக்கும் குற்றாலத்தில் சீசனுக்கு மூன்று மாதம் புரோட்டாக் கடையில் மேசை துடைத்துவிட்டு, மிச்ச நாளெல்லாம் அருவியில் தண்ணீர் விழுகிறதா என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

தென்காசியில் ஒரு ஜவுளிக்கடை மாடியில், சாயங்காலம் ஆறு மணிக்கு அவருடைய ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு. டீச்சருக்கு முப்பது வயதுதான். வீட்டுக்காரர் யஹ்யா சவுதியில், தம்மாமில் டிரைவர். படிக்க வந்த எட்டுப் பேரில் மூத்தவன் நான், முப்பத்தொன்பது. தோஹாவில் ஒரு ஹோட்டலுக்கு சர்வர் வேலைக்கு ஆள் எடுக்க வருகிறார்கள், நாற்பதைத் தாண்டினால் எடுக்க மாட்டார்கள் என்று ஏஜெண்ட் சொல்லியிருந்தார். இதை விட்டால் எனக்கு வேறு வழி கிடையாது.

கரும்பலகை என்று ஒன்றும் கிடையாது. ஒரு மேசை, அதன்மேல் டீச்சர் வீட்டிலிருந்து கொண்டுவந்த டம்ளர், துண்டு, வாழைப்பழம், உப்பு ஜாடி. ஒருவர் கேட்க வேண்டும், இன்னொருவர் எடுத்துக் கொடுக்க வேண்டும். பொருள் கைமாறும்வரை யாரும் உட்காரக் கூடாது.

என் வாயில் "கிவ் வாட்டர் மீ" என்றுதான் வரும்.

"அண்ணாச்சி, தண்ணி எங்கயும் ஓடிப் போவாது. முதல்ல ஆளைச் சொல்லுங்க, பொறகு பொருளைச் சொல்லுங்க. கிவ் மீ வாட்டர். ஷோ ஹிம் த மெனு. பிரிங் ஹெர் எ டவல். யாருக்குன்னு தெரியாம எதையும் தூக்காதீங்க."

எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. பதினைந்து வருஷமாக "ரெண்டு புரோட்டா எங்கலே?" என்று பொருளைத்தான் கூவியிருக்கிறேன். சாப்பிடுகிற ஆளை யார் பார்த்தது?

ஒருநாள் டீச்சர் சொன்னார். "நான் இங்கிலீஷ் பேசுதது உங்ககிட்ட மட்டுந்தான். தெரியாத ஆளு எதிர நின்னா எனக்கு நாக்கு ஒட்டிக்கிடும்." நாங்கள் எல்லாரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

இன்டர்வியூ அன்றைக்கு டீச்சரும் எங்களோடு லாட்ஜுக்கு வந்து கீழே உட்கார்ந்துகொண்டார். மாடி அறையில், தோஹாவிலிருந்து வந்த மேனேஜர் சாப்பிட வந்தவர் மாதிரி மேசை முன்னால் இருந்தார். பக்கத்தில் அதே ஹோட்டலில் வேலை பார்க்கும் அம்மா ஒருவர். மேனேஜர் தண்ணீர் கேட்டார், கொண்டுபோனேன். அந்த அம்மாவுக்கு மெனுவைக் காட்டச் சொன்னார், காட்டினேன். பிறகு கையை நீட்டி, "கிவ் மீ த சால்ட்" என்றார். உப்பு ஜாடியை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

நீட்டிய கையை அவர் மடக்கவில்லை. மறுபடியும் கேட்டார். ஜாடியை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் நகர்த்தி வைத்தேன். மூன்றாவது தடவை உள்ளங்கையைத் தட்டிக் காட்டினார். அப்போதும் உப்பை அந்தக் கையில் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. அவர் தாளில் என் பெயர்மேல் கோடு இழுத்தார்.

"உங்களுக்கு இங்கிலீஷ் வெளங்கலையாம். போங்க அண்ணாச்சி" என்றார் ஏஜெண்ட்.

கீழே வந்து சொன்னதும் டீச்சரின் முகம் செத்துப்போனது.

"உப்பைக் கையில கொடுத்தா சண்டை வரும்லா? அதான் கீழ வச்சிருக்கீங்க. வகுப்புலயும் எல்லாரும் அப்படித்தான் வச்சோம். நானும் வச்சேனே! எனக்கு அது தோணவே இல்லையே!"

"விடுங்க டீச்சர், என் தலையெழுத்து."

"தலையெழுத்தும் இல்ல, ஒண்ணும் இல்ல. வாங்க மேல."

விடுவிடுவென்று ஏறிப் போனவர், அறை வாசலில் நின்றுவிட்டார். உள்ளே எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். டீச்சருக்கு நெற்றியெல்லாம் வேர்வை. முக்காட்டின் நுனியைப் போட்டு முறுக்குகிறார், வாய் திறக்கிறது, சத்தம் வரவில்லை. போதும், போய்விடலாம் என்று நான் சொல்ல வாயெடுத்தேன்.

"சார்... கிவ் ஹிம் ஒன் மினிட்."

குரல் உடைந்துதான் வந்தது. ஆனாலும் முதலில் ஆள், பிறகு பொருள்.

மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். எங்கள் ஊரில் உப்பைக் கையில் கொடுத்தால் சண்டை வரும் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். கடைசியில், "ஐ கிவ் யூ சால்ட். ஐ டோண்ட் கிவ் யூ ஃபைட்" என்றேன். முதலில் சிரித்தது அந்த அம்மாதான். மேனேஜர் மேசையிலிருந்து ஜாடியைத் தானே எடுத்துக்கொண்டு, என் பெயரை மறுபடியும் எழுதினார்.

இரண்டு வருஷம் கழித்துப் போன மாதம் லீவில் வந்தேன். மாடி வகுப்பில் அதே உப்பு ஜாடி. இப்போது அதைக் கையில் கொடுக்கவும் பழக்குகிறார். "சண்டை வந்தா எங்கிட்ட வாங்க" என்று தைரியம் வேறு சொல்லுகிறார். போகும்போது, உங்களுக்கு அங்கிருந்து என்ன அனுப்பட்டும் டீச்சர், என்று கேட்டேன்.

"எனக்கு ஒண்ணும் வேண்டாம் அண்ணாச்சி" என்றார். "அந்த ஒரு நிமிசம் நான் உங்களுக்குக் கேட்டதுன்னு நெனைக்கீங்க. அன்னைக்குப் பொறகு எனக்கு நாக்கு ஒட்டவே இல்ல."