ஸ்பாஞ்சு மரங்கள்

என் வீட்டுக்காரர் வீடு கட்டுகிறவர். ஒவ்வொரு வீடும் உள்ளங்கையில் அடங்கும். கட்டடக்காரர்கள் விற்கப்போகும் வீடுகளை முன்கூட்டியே அட்டையிலும் தெர்மாகோலிலும் செய்து காட்டுவது அவர் தொழில். ஊரில் பாதிப் பேருக்கு வீட்டு ஆசையைக் கிளப்பிவிட்டவர் அவர்தான். நாங்கள் மட்டும் இன்னும் வாடகை வீட்டில் கிடக்கிறோம். கேட்டால், தையல்காரன் தைக்கிற சட்டையை எல்லாம் அவனேவா போட்டுக்கொள்கிறான் என்பார். வாய்க்கு ஒன்றும் குறைச்சல் இல்லை.

தொழில் தொடங்கியது என் நாத்தனார் வீட்டுப் பின்னறையில். வாடகைப் பேச்சே எடுக்காமல் அறையை ஒழித்துக் கொடுத்தாள். அண்ணன் என்றால் அவளுக்கு உயிர். இன்றைக்கும் மாடலுக்கான மரங்கள் அவள் கையால்தான். பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சைப் பிய்த்து, பச்சைச் சாயத்தில் முக்கி, கம்பியில் குத்தித் தருவாள். இவர் கட்டடங்களைவிட அவள் மரங்கள் அழகு. இதை இவரிடமே சொல்லியிருக்கிறேன்.

இந்தக் கவுன்சில் தேர்தலில் எங்கள் வார்டு வேட்பாளர், எல்லோருக்கும் மாடி வீடு என்று கிளம்பினார். பழைய தெருக்களை எடுத்துவிட்டு அடுக்குமாடி, நடுவே பூங்கா. அதற்கு மாடல் செய்யும் வேலை இவருக்கு வந்தது. வரைபடத்தை மேசையில் விரித்த அன்றே பார்த்துவிட்டேன். நாத்தனார் தெருவே அதில் இல்லை. அவள் வீடு இருக்கும் இடத்தில் பூங்கா. அந்தத் தெருக்காரர்களுக்கு ஊருக்கு வெளியே எங்காவது பார்த்துக்கொள்ளலாமாம்.

உடனே போய்ச் சொல்லுங்கள் என்றேன். வெறும் அட்டைதானே, ஜெயித்தால்தானே நடக்கும் என்று மழுப்பினார். நாளைக்கு என்றார், ஞாயிற்றுக்கிழமை என்றார். இதற்கு நடுவில் பூங்காவுக்கு நிறைய மரம் வேண்டும் என்று தங்கையிடமே கேட்டு வாங்கி வந்தார். மனுஷனுக்கு எப்படித்தான் மனசு வந்ததோ! அதற்கப்புறம் தட்டை விட்டுத் தலை நிமிராமல்தான் சாப்பிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் அண்ணன் தங்கை நடுவில் நாம் ஏன் மூக்கை நுழைக்க வேண்டும் என்று நானும் வாயை மூடிக்கொண்டேன்.

பிரசாரக் கூட்டத்தன்று மண்டபத்தின் நடுவே மாடலை வைத்து விளக்குப் போட்டிருந்தார்கள். நாத்தனார் தெருவையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். எங்க அண்ணன் செய்தது, எங்க அண்ணன் செய்தது என்று ஒவ்வொருவரையும் முன்னால் தள்ளினாள். அண்ணன் மாடல் செய்கிறார் என்பதற்காகவே வீடுவீடாக ஏறி அந்த வேட்பாளருக்கு ஓட்டுக் கேட்டிருக்கிறாள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

நம்ம வீடு எங்கே என்று அவள் பக்கத்து வீட்டு மளிகைக்கடைக்காரர் கேட்டார். அவள் மாடலில் இருந்த தண்ணீர்த் தொட்டியில் விரலை வைத்து வழி பிடித்துக்கொண்டு வந்தாள். பள்ளிக்கூடம், திருப்பம், சலவைக்கடை. அடுத்து விரல் ஒரு மரத்தில் முட்டி நின்றது. அவள் பிய்த்துக் கொடுத்த ஸ்பாஞ்சு. நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தாள். இவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சின்னதா செஞ்சிருக்கறதால நம்ம தெரு சரியாத் தெரியலை," என்று கடைக்காரரிடம் சொன்னாள். "மரமெல்லாம் பாருங்க, நான் செஞ்சது."

கூட்டம் கலைந்ததும் வாசலில் எங்களிடம் வந்தாள். கண் சிவந்திருந்தது. குரல் மட்டும் உயரவில்லை.

"தெருக்காரங்ககிட்ட நானே போய் சொல்லிக்கிறேன். அத்தனை பேர் நடுவுல உன்னைத் தலைகுனிய வைக்க மனசு வரலை, அண்ணே. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

அவள் கைப்பையைத் திறந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். பூங்காவின் ஓரம் மொட்டையாக இருக்கிறது, இன்னும் கொஞ்சம் மரம் வேண்டும் என்று இவர் முந்தின நாள் கேட்டிருந்தாராம். விடியற்காலையில் எழுந்து செய்திருக்கிறாள். அதை அண்ணனிடம் நீட்டினாள்.

இவருக்குக் கை எழவில்லை. நான்தான் வாங்கிக்கொண்டேன்.