கண்காட்சியில் கழற்றிவிட்ட செருப்பு

ஹைதராபாத் போனால் புலி காட்டுகிறேன் என்று அப்பா சொன்னதை நம்பித்தான் திருச்சியிலிருந்து அவ்வளவு தூரம் அடம் பிடிக்காமல் ரயிலில் வந்தேன். வந்த இடத்தில், மாதாப்பூரில் சாப்ட்வேர் வேலையில் இருந்த சித்தப்பா எங்களை அழைத்துப் போனது நவீன ஓவிய மியூசியத்துக்கு. கொஞ்ச நேரம்தான், அப்புறம் நேராக ஜூ என்றார்கள். அந்தக் கொஞ்ச நேரத்தை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது.

காரணத்தை அப்போது என்னிடம் யாரும் சொல்லவில்லை. எங்களோடு வந்திருந்த அத்தையை ஊரில் பெண் பார்க்க வந்தவர்களெல்லாம் சொஜ்ஜி பஜ்ஜியைத் தின்றுவிட்டு, ஊருக்குப் போய் லெட்டர் போடுகிறோம் என்று கிளம்பிப் போனார்கள். ஒரு லெட்டரும் வந்தபாடில்லை. இனி யார் முன்னாலும் தட்டோடு வந்து நிற்க மாட்டேன் என்று அத்தை சொல்லிவிட்டாள். அதனால் சித்தப்பாவின் ஆபீஸில் இருந்த மதுரைக்காரர் ஒருவரைத் தற்செயலாக வருவதுபோல அங்கே வரச் சொல்லியிருந்தார்கள். இதற்குச் சம்மதித்தாலும், இதுவும் கூடிவராவிட்டால் கல்யாணப் பேச்சையே எடுக்கக் கூடாது என்பது அத்தையின் நிபந்தனை. எனக்கோ அவர் புலிக்குக் குறுக்கே வந்த ஒரு மாமா, அவ்வளவுதான்.

ஒன்றுமே வரையாத வெள்ளைத் துணியைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். சித்தப்பா அதற்கும் விளக்கம் சொன்னார். அத்தையும் அந்த மாமாவும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்து நின்றார்களே தவிர, வாயே திறக்கவில்லை.

கடைசி அறை வாசலில் பழைய செருப்புகள் குவிந்து கிடந்தன. அதைப் பார்த்ததும் அப்பா தன் செருப்பைக் கழற்றினார். வாசலில் செருப்பு கிடந்தால் நம் ஆட்கள் வேறென்ன செய்வார்கள்? எல்லோரும் கழற்றினோம். மாமா ஷூவைக் கழற்றினார். உள்ளே ஒரே ஒரு பல்பு எரிந்தது. கும்பிடப்போன அப்பா சட்டென்று கையை இழுத்துக்கொண்டார்.

வெளியே வந்து செருப்பை எடுக்கக் குனிந்தபோது, டீ குடிக்கப் போயிருந்த காவலாளி ஓடிவந்தார்.

“ஹாத் நக்கோ லகாவ் சாப்!”

கை வைக்கக் கூடாதாம். அந்தக் குவியல்தான் கலைப்பொருளாம்.

“என் செருப்ப நான் தொடக் கூடாதா? எந்த ஊரு நியாயம்யா இது?” என்று அப்பா தமிழில் கத்தினார். சித்தப்பா இங்கிலீஷில் கெஞ்சினார். கடைசியில் ஒரு அதிகாரியம்மாள் குவியலின் போட்டோவோடு வந்தார். நாங்கள் காட்டும் செருப்பு போட்டோவில் இல்லை என்று பார்த்த பிறகே எடுக்க விடுவாராம். அப்பாவின் செருப்பு அசல் கலைப்பொருள் மாதிரியே தேய்ந்திருந்ததால் அதற்கே வெகுநேரம் ஆயிற்று.

அத்தையும் மாமாவும் மட்டும் பாக்கி. கிழிந்த சாக்ஸோடு அவரும் வெறுங்காலோடு அவளும் குவியல் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தேடினார்கள். தேடியதைவிடப் பேசியதுதான் அதிகம்.

தங்க நிற பக்கிள் வைத்த புதுச் செருப்பு மேலேயே பளபளத்துக்கொண்டிருந்தது.

“அத்தை, இதோ இருக்கு உன் செருப்பு!”

“அது என்னுது இல்லடி. பேசாம போ!”

திருச்சியில் அதை வாங்கக் கடை கடையாக அவளோடு ஏறி இறங்கியவளே நான்தான். போதாததற்கு அந்தக் குவியலில் ஷூ என்று இருந்ததே ஒரு ஜோடிதான், அதுவும் மாமாவின் முழங்காலை இடித்துக்கொண்டு கிடந்தது. “என்னோடதும் காணலங்க” என்றார் அவர், அத்தையைப் பார்த்து. அம்மா என் வாயைப் பொத்தி இழுத்துக்கொண்டு போனாள். ஜூவை மூடிவிடுவார்களே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவ்வளவு படித்த இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் எப்படிக் கண் தெரியாமல் போயிற்று என்று எனக்கு விளங்கவே இல்லை.